உணவு வண்டி: தெருவோரமா, தனியார் மனையா, திருவிழாத் திடலா?

கும்பகோணத்தில் நான் நடத்தும் கணினி மையத்துக்கு விண்ணப்பம் போட வருகிறவர்களில் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது, "ஃபுட் டிரக் லைசென்ஸ் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்கிறார்கள். ஒரே பெயரில், ஒரே கையெழுத்தில் முடிந்துவிடும் அப்படி ஓர் உரிமம் கிடையாது என்பதை அவர்களுக்கு முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. விற்கும் உணவுக்கு ஒரு துறை பொறுப்பு. அதைச் சுமந்து நிற்கும் வண்டிக்கு வேறொரு துறை பொறுப்பு. வண்டி நிற்கும் தரைக்கோ அந்தத் தரை யாருடையது என்பதைப் பொறுத்து மாநகராட்சியோ, ஊராட்சியோ, நெடுஞ்சாலைத் துறையோ, கோயில் நிர்வாகமோ பொறுப்பாகிறது. முதலிரண்டு துறைகளின் நடைமுறை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாவதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது, தொழில் நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. ஆகவே எந்த வண்டி வாங்கலாம் என்ற கேள்வியைத் தள்ளிவைத்து, வண்டியை எங்கே நிறுத்தலாம் என்ற கேள்வியை முன்னிறுத்தி, டெல்டா மாவட்டங்களில் ஒருவருக்கு இருக்கும் மூன்று வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: நகரத் தெருவோரத்தில் விற்பனைச் சான்றிதழோடு நிற்பது, தனியார் மனையை வாடகைக்குப் பிடித்து மாற்றியமைத்த வேனை நிறுத்துவது, திருவிழாக்களையும் விசேஷங்களையும் நம்பி ஊர் ஊராகப் போவது.

மூன்று வழிக்கும் பொதுவானது உணவுப் பாதுகாப்புப் பதிவு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, உணவுத் தொழில் செய்யும் எவரும் உரிமம் பெறவேண்டும் என்றும், தெருவில் விற்பவர் போன்ற சிறு வணிகர்களுக்குப் பதிவு போதும் என்றும் சொல்கிறது. 2011-இல் வந்த ஒழுங்குமுறைகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை பதிவு, அதற்கு மேல் மாநில உரிமம் என்று கோடு போட்டு, பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாயும் உணவகங்களின் மாநில உரிமத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாயும் கட்டணம் வைத்தன. இந்த வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுகிறவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில், உணவுப் பதிவுக்கான அரசுத் தளமான ஃபாஸ்காஸ் காட்டும் தொகையையே கணக்கில் கொள்ளுங்கள். 2011-இல் வைத்த அந்த 12 லட்சம் கேட்பதற்குப் பெரிய தொகையாகத் தோன்றினாலும், ஆண்டு முழுவதும் கடை போடுகிறவருக்கு அது நாளொன்றுக்குச் சுமார் 3,300 ரூபாய் விற்பனைதான். மாலையில் நன்றாக ஓடும் ஒரு தோசை வண்டி அதை எளிதாகத் தாண்டிவிடும். விற்பனையைக் குறைத்துக் காட்டிப் பதிவோடு நின்றுகொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இப்போது பாதி விற்பனை செல்போன் வழியாக வங்கிக் கணக்குக்கே வருவதால் அந்தக் கணக்கு மறைந்திருக்கும் என்று நம்ப வேண்டாம் என்பது என் அறிவுரை.

விண்ணப்பத்தை இடைத்தரகர் இல்லாமலே போடலாம். புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவைதான் பதிவுக்கு அடிப்படை ஆவணங்கள். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி ஆயிரக்கணக்கில் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். அவற்றில் பணம் கட்டிவிட்டு ரசீதோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கையில் வரும் 14 இலக்க எண் 2-இல் தொடங்கினால் பதிவு, 1-இல் தொடங்கினால் உரிமம். அந்தச் சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வண்டியில் மாட்டவேண்டும். 2022 ஜனவரியிலிருந்து பில்லிலும் அந்த எண் இருக்கவேண்டும். வீட்டில் மாவரைத்துக் குழம்பு வைத்து வண்டியில் கொண்டுபோய் விற்பவர்கள், சமைக்கும் இடம், விற்கும் இடம் இரண்டையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் காட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் ஆய்வுக்கு வருகிற உணவுப் பாதுகாப்பு அலுவலர் முதலில் கேட்பது "எங்கே சமைக்கிறீர்கள்?" என்பதைத்தான்.

அவர் பார்ப்பவை எவை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் எடுத்த மருத்துவத் தகுதிச் சான்று, மூடிய குப்பைத் தொட்டி, குடிக்கத்தக்க தண்ணீர், செய்தித்தாளில் பொட்டலம் கட்டாமை, திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்த எண்ணெய் இல்லாமை ஆகியவை முக்கியமானவை. எண்ணெய்க்கு அளவே உண்டு: காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் கெட்டு அதில் உருவாகும் மொத்தப் போலார் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. தண்ணீர் விஷயத்தில் நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஆற்றோர ஊர்களில் கைபம்புத் தண்ணீர் இனிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பேறியிருப்பதால் அங்கே கேன் தண்ணீரையோ கூட்டுக் குடிநீரையோ நம்பித்தான் கடை நடத்த முடியும், அந்தச் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். பரிமாறுவதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி பக்கத்து வாழைத் தோட்டங்களுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் பூசிய தட்டைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

இவ்வளவையும் முடித்து உணவுப் பதிவு கையில் வந்ததும், "லைசென்ஸ் வந்துவிட்டது, இனி எங்கேயும் நிற்கலாம்" என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நான் பார்த்த தவறுகளிலேயே அதிக இழப்பை உண்டாக்கியது இதுதான். உணவுப் பதிவு, விற்கும் பண்டத்துக்கான அனுமதி மட்டுமே. அது சாலையில் ஓர் அடி இடத்தைக்கூட உங்களுக்குத் தருவதில்லை.

இடம் தருகிற முதல் வழி, 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெரு விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் நகர விற்பனைக் குழு அமைக்கப்படும். அதில் குறைந்தது 40 விழுக்காடு உறுப்பினர்கள் வியாபாரிகளிலிருந்து வரவேண்டும், அந்த வியாபாரிப் பிரதிநிதிகளிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும். குழு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுத்து, கணக்கில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் வழங்கவேண்டும். ஊர் மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு என்ற அளவு வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பில் கும்பகோணம் நகராட்சியில் சுமார் 1,40,000 பேர் இருந்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தாலே 3,500 பேர் வரை இடம் கொடுக்கலாம்.

இந்தச் சான்றிதழின் மதிப்பு நிம்மதியாகக் கடை நடக்கும் நாட்களில் தெரியாது. எங்கள் பேருந்து நிலையத்துக்கு அருகே மாலை நேரத்தில் இட்லியும் கடப்பாக் குழம்பும் விற்கும் ஓர் அக்கா, சான்றிதழை லேமினேஷன் செய்து, ஓரத்தில் ஓட்டை போட்டு, கல்லுக்கு மேலே எரியும் விளக்குக் கம்பியில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருப்பார். எண்ணெய்ப் புகை படிந்து மஞ்சளேறியிருந்தாலும் பெயரும் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி ஒவ்வொரு நாளும் முந்தானையால் துடைத்துவிடுவார். வடிகால் வேலைக்காக அந்த ஓரத்தைக் காலி செய்யச் சொன்னபோது, சான்றிதழ் இல்லாத இரண்டு வண்டிகள் அன்றைக்கே போயின. அக்காவுக்கு முன்னறிவிப்புக் கடிதம் வந்தது, மாற்று இடமும் காட்டினார்கள். சான்றிதழ் பெற்றவரை இடம் மாற்றவோ அப்புறப்படுத்தவோ 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்று 18-ஆம் பிரிவு சொல்வதை அவர் எழுத்தெழுத்தாகப் படித்தவரில்லை. ஆனால் அந்தக் காகிதம் தம்மைக் காக்கும் என்று தெரிந்து வைத்திருந்தார். 2020-இல் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாக் கடன் வாங்கவும் அதே காகிதம்தான் அவருக்குக் கைகொடுத்தது.

எனினும் இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. வேறு வாழ்வாதாரம் இல்லை என்றும், தானோ தன் குடும்பத்தாரோதான் விற்பனை செய்வோம் என்றும், சான்றிதழை வாடகைக்கு விடவோ கைமாற்றவோ மாட்டேன் என்றும் வியாபாரி உறுதிமொழி தரவேண்டும். அரசு வேலையிலோ தனியார் நிறுவனத்திலோ இருந்துகொண்டு, இரண்டு ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து வண்டி விட நினைப்பவர் இந்த உறுதிமொழியில் மனச்சாட்சியோடு கையெழுத்திட முடியாது. கணக்கெடுப்பு முடிந்துவிட்ட ஊரில் புதிதாக வருகிறவர் அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியும் வரலாம். ரயில்வே இடத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது. கிராம ஊராட்சிகள் இதில் வருவதில்லை. தள்ளுவண்டிக்கும் சிறிய மூன்று சக்கர வண்டிக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை இது. 14 அடி வேனுக்கு இதை மாட்டப் பார்த்தால் கிழியத்தான் செய்யும்.

இரண்டாவது வழியான தனியார் மனையில் காகிதங்கள் கூடுகின்றன, ஆனால் காலூன்றி நிற்கலாம். முதலில் வண்டியைப் பார்ப்போம். வாகனத்தின் அமைப்பை, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக, முன் அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. நடமாடும் உணவகம் என்பது 2004-இலேயே மத்திய அரசு அறிவிக்கையில் போக்குவரத்து வாகன வகைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே இது சட்டத்துக்குத் தெரியாத வண்டி அல்ல. முறையாகக் கேட்டால் தரக்கூடிய அனுமதிதான்.

என் சித்தப்பா மகன் அந்த அனுமதியைக் கேட்கவில்லை. பழைய குட்டியானை (சிறு சரக்கு வண்டி) ஒன்றை வாங்கி நேராகப் பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டான். இடப்பக்கம் வெட்டித் தூக்குக் கதவு வைத்து, உள்ளே எவர்சில்வர் தகடு அடித்து, புகைப்போக்கி பொருத்தி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. எஃப்.சி. எனும் வாகனத் தகுதிச் சான்றுக்காக வண்டியைக் காட்டப் போன அன்று ஆய்வாளர் டேப்பை எடுத்து உயரத்தை அளந்தார், பதிவுச் சான்றான ஆர்.சி.யைத் திருப்பிப் பார்த்தார், "இதில் சரக்கு வண்டி என்று போட்டிருக்கிறது, நீங்கள் சமையலறையைக் கொண்டுவந்திருக்கிறீர்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் பிழை இல்லை. புகைப்போக்கியைக் கழற்றி, உயரத்தைக் குறைத்து, வரைபடம் கொடுத்து மாற்றத்துக்கு அனுமதி வாங்கி, மறுபடியும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் கடன் தவணை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வரைபடத்தோடு முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், பிறகுதான் பட்டறை என்ற வரிசையை இன்று என்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த வண்டியைக் காட்டித்தான் சொல்கிறேன்.

போக்குவரத்து வாகனம் என்பதால் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கவேண்டும். பழைய வண்டி மலிவாகக் கிடைப்பதில் இந்தச் செலவும் சேர்ந்தே வருகிறது. ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிய கவலை மட்டும் குறைந்திருக்கிறது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்கு வண்டியின் மாற்றத்தையும் உள்ளே அடுப்பு இருப்பதையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விபத்து நேர்ந்த நாளில் அந்தக் காப்பீடு பேச்சளவில்தான் இருக்கும். எரிவாயுவுக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். வீட்டுச் சிலிண்டரைக் கடையில் எரிப்பது குற்றம். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி 100 கிலோ வரை சேமிப்பு உரிமம் தேவையில்லை என்றாலும், வேனுக்குள் எரிவது ஒன்று, மாற்று ஒன்று என்பதற்கு மேல் வைக்காதீர்கள்.

அடுத்தது நிலம். தனியார் மனை என்று சொல்லப்படுவது உண்மையிலேயே தனியாருடையதா என்பதைப் பட்டாவிலும் புலப்படத்திலும் பார்த்தே ஆகவேண்டும். டெல்டாவில் வண்டி நிறுத்தத் தோதாகத் தோன்றும் இடங்களில் பெரும்பாலானவை வாய்க்கால் கரையோரங்கள்தாம். பூவரச நிழல், தண்ணீர்ச் சலசலப்பு, சாலையிலிருந்து இறங்கினால் வண்டி திருப்பும் அளவுக்கு அகலம் என்று எல்லாம் அமைந்திருக்கும். பக்கத்து வயல்காரரும் "நம்ம இடம்தான், நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று மனதார இடம் கொடுப்பார். ஆனால் அந்தக் கரை நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் அவர் தரும் அனுமதி செல்லாது, 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி நோட்டீசு வரும். பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் பாசன வாய்க்காலில் கலந்துவிட்டால் ஊர்க்காரர்களின் புகாரும் சேர்ந்துகொள்ளும், அந்தப் புகார் நியாயமானதும்கூட. திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போகும் 83-ஆம் எண் சாலையிலும், விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் 36-ஆம் எண் சாலையிலும் ஓரத்தில் விரிந்து கிடக்கும் மண்தரை பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலைக்கு உரியது. அனுமதியில்லாமல் அதில் கடை போட 2002-ஆம் ஆண்டு நெடுஞ்சாலை நிலக் கட்டுப்பாட்டுச் சட்டம் இடம் தராது. சாலையின் எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே, பட்டா நிலத்தில் நிற்பதுதான் வழி.

அப்படி ஒரு மனை கிடைத்தால் பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தை முத்திரைத் தாளில் எழுதி, கழிவுநீர் எங்கே போகும், மின்சாரம் யார் பெயரில், மழைக்காலத்தில் வண்டி புதையாமல் இருக்கச் சரளை கொட்டுவது யார் செலவு என்பதுவரை அதில் சேர்த்துவிடுங்கள். மின்சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மனைக்காரர் தம் வீட்டு இணைப்பிலிருந்து ஒயர் இழுத்துத் தருவதை உதவியாக நினைத்து ஏற்றுக்கொள்கிறார்கள். வீட்டு இணைப்பு வேறு கட்டணப் பிரிவு, வணிகத்துக்கு ஐந்தாம் கட்டணப் பிரிவில் தனி இணைப்பு வேண்டும், பிடிபட்டால் அபராதம் இடம் கொடுத்தவர் தலையில் விழுந்து நட்பே முறிந்துவிடும். ஒப்பந்தத்தோடு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய்த் தொழில் உரிமம் கேட்கவேண்டும். மனை ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜி.எஸ்.டி. பதிவும் சேர்ந்துகொள்கிறது, உணவகச் சேவைக்கு வரி 5 விழுக்காடு.

மூன்றாவது வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழா, நாகூர் கந்தூரி, திருவாரூர் ஆழித்தேர், தஞ்சாவூர்ச் சதயவிழா, மயிலாடுதுறைக் கடைமுகம் என்று கூட்டம் கூடும் நாட்கள் நம் பகுதிக்குக் குறைவில்லை. கும்பகோணத்தில் 2016-க்குப் பிறகு வரும் மகாமகம் 2028-இல். இந்த இடங்களில் கடை போடும் உரிமை ஏலத்திலோ தற்காலிக ஒதுக்கீட்டிலோ போகும், அதை எடுத்தவரிடமிருந்து உள்வாடகைக்குப் பிடிக்கிறவருக்கு எந்த எழுத்தும் கையில் இருப்பதில்லை. பத்து நாள் வியாபாரம் இரண்டு மாத வாடகையை மிஞ்சலாம், ஒரே மழையில் அடியோடு போகவும் செய்யலாம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண விசேஷங்களும் ஆண்டு முழுக்கக் கைகொடுக்காது. காரைக்கால், திருநள்ளாறு பக்கம் சனிப்பெயர்ச்சிக்குப் போக நினைப்பவர்கள், அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதையும், தமிழ்நாட்டில் எடுத்த பதிவை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே கடை விரிக்க முடியாது என்பதையும் எல்லையைத் தாண்டுமுன் நினைவில் கொள்ளவேண்டும். இந்த வழியைப் பக்க வருமானமாக வைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் நம்பிக் கடன் வாங்கி வண்டி கட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கணவன் மனைவி இருவரே உழைத்து, மாலை நான்கு மணி நேரம் மட்டும் கடை போட்டுக் குடும்பம் நடத்த நினைப்பவர்களுக்கு, சான்றிதழ் பெற்ற தள்ளுவண்டிக்கு இணையான வழி வேறில்லை. செலவு குறைவு, சட்டத்தின் பாதுகாப்பு அதிகம், தோற்றால் இழப்பதும் சிறிது. ஆட்கள் வைத்து நடத்தப் போகிறவர்களும், வேறு வேலையில் இருப்பவர்களும், மீன் வறுவல், பரோட்டா போல அதிக நெருப்பும் தண்ணீரும் கேட்கும் உணவை விற்பவர்களும் தனியார் மனைக்கே போகவேண்டும், வாடகை உறுத்தினாலும் சரி. அவர்களும் முதல் ஆறு மாதம் வேன் வாங்காமல் அதே மனையில் ஒரு தட்டிக் கடை போட்டுப் பார்த்துவிட்டு, வியாபாரம் பிடித்த பிறகு வண்டிக்கு வரைபடம் போடுவதுதான் என் கண்ணுக்குச் சரியாகப் படுகிறது.

சித்தப்பா மகனின் குட்டியானை இப்போது ஓர் அரிசி ஆலையின் முன்வாசலில், எல்லைக் கல்லுக்கு ஆறடி உள்ளே நிற்கிறது. ஆர்.சி., எஃப்.சி., காப்பீடு, உணவுப் பதிவு, வாடகை ஒப்பந்தம் ஐந்தையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறான். ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிகிறது. ஆலைக்காரரிடம் புதுப்பிப்பதைப் பற்றிக் கார்த்திகையிலேயே பேசிவிடச் சொல்லியிருக்கிறேன்.